சுரங்கத்தின் சாவி யாரிட்ட இருக்கு?

தோழர்களே,

எங்கட ஆவணக் கணினி ஒரு தோழரின் வீட்டு பேஸ்மென்ரில், உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்களில் பலர் அதை நேரில் கண்டதில்லை. ஆனால் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்துகொண்டு, வேலை முடிந்து வந்து, இரவில் அதன் திரையைத் திறந்து வாக்குமூலங்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவர்கள் நீங்கள்தான். சில கிழமைகளுக்கு முன் "கொம்பியூட்டர் சரியான ஸ்லோ" என்று ஒரு தோழர் முறைப்பட, இன்னொருவர் அதன் உள்நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். தோற்றுப்போன முயற்சிகள், பக்கம் பக்கமாக. பகல் இரவு இல்லாமல், சில செக்கனுக்கு ஒன்று. 'அட்மின்', 'யூசர்', 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றி மாற்றி யாரோ கதவின் கைபிடியைத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

யாரும் உள்ளே வந்ததற்கான அடையாளம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு எப்படித் தெருவுக்கு வந்தது என்று தேடியபோதுதான் வெட்கமாகப் போனது. கொரோனா முடக்க காலத்தில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக முடியாமல் இருந்தபோது, ரூட்டரில் 3389 என்ற போர்ட்டை "இப்போதைக்கு" என்று சொல்லித் திறந்து விட்டிருக்கிறோம். திறந்த தோழர் கூட்டகத்தை விட்டுப் போய் இரண்டு வருசம். கடவுச்சொல் ஒரு வட்ஸ்அப் குழுவில் பழைய செய்தியாகக் கிடக்கிறது. அந்தக் குழுவில் இருக்கிற பாதிப்பேர் இப்போது எங்களோடு இல்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரம் கதவைத் திறந்திராவிட்டால் ஒரு வருச வேலை நின்றிருக்கும். நான் சொல்ல வருவது வேற. தொலைவிலிருந்து ஒரு கணினியைத் திறக்கிறதுக்குப் பாதுகாப்பான வழி வேணும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வழியை யார் கட்டுவது, சாவியை யார் வைத்திருப்பது, யார் பராமரிப்பது என்பது ஒரு அரசியல் முடிவு. அந்த முடிவை நாங்கள் எந்தக் கூட்டத்திலும் எடுக்கவில்லை. 'ஐ.ரி. அண்ணா' ஒருவரின் தலையில் கட்டிவிட்டு, எல்லைகள், குடியுரிமை, அரச வன்முறை என்று பெரிய விசயங்களைக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

தெருவைப் பார்த்த கதவு

முதலில் பயத்தை அளவாக வைத்துக்கொள்வோம். கதவைத் தட்டியது கொழும்புப் புலனாய்வு என்று சொல்ல என்னிடம் ஒரு ஆதாரமும் இல்லை. பெரும்பாலும் அது மனிதரே இல்லை. விண்டோஸ் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆர்டிபி என்ற முறை வழக்கமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் எண் 3389. எந்த முகவரியில் அந்த எண் திறந்திருக்கிறது என்று தேடும் மென்பொருட்கள் ஓய்வில்லாமல் ஓடுகின்றன. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, நல்ல இணைப்புள்ள ஒரே ஒரு கணினியிலிருந்து ஐபிவி4 இணையம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும் என்று காட்டியது. "எங்கட முகவரி யாருக்குத் தெரியப்போகுது?" என்ற ஆறுதலுக்கு அதோடு அர்த்தம் போய்விட்டது.

கடவுச்சொல் பலமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2019 மே மாதம் வெளியே தெரியவந்த 'புளூகீப்' என்ற ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. பழைய விண்டோஸ்களில் ஆர்டிபி திறந்திருந்தாலே போதும், உள்ளே போகலாம். அதன் ஆபத்து எவ்வளவு என்றால், 2014இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசொஃப்ட் திருத்தம் வெளியிட்டது. பல கூட்டகங்கள் பாவிக்கிற விஎன்சியும் இந்த விசயத்தில் பெரிய ஆள் இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் ஒன்றில் உருவான அதன் பழைய வடிவத்தில் கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளுக்குத்தான் மதிப்பு. திரையில் தெரிவதெல்லாம் மறையாக்கம் இல்லாமலே கம்பியில் ஓடும்.

அதனால் முதல் விதி எளியது: திரையைத் திறக்கும் கதவு நேரடியாக இணையத்தைப் பார்க்கக் கூடாது. ஒருபோதும் கூடாது, "இப்போதைக்கு"வும் கூடாது.

ஆபத்து எங்களுடையது அல்ல

அந்தக் கணினிக்குள் என்ன இருக்கு? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவில் அமர்ந்த அம்மாமாரைப் போன்றவர்களின் குரல்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதி. ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த முறைப்பாடுகளின் நகல்கள். "கடைசியாக இன்ன இடத்தில், இன்னாருடைய கையில் ஒப்படைத்தேன்" என்ற வரிகள். சாட்சி சொன்ன பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்.

இந்தத் தகவல் வெளியே போனால் எங்களில் யாரும் அன்றிரவு வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கப் போவதில்லை. விழித்திருக்கப் போவது வேற ஆட்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரில் வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மேயில் அந்தச் சட்டத்தில் பிடித்தபோது, ஆதாரமாகக் காட்டப்பட்டது 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. 2021 டிசம்பரில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் விடுதலை செய்யப்பட்டார். ஒரு கவிதைப் புத்தகத்துக்கே ஒன்றரை வருசம் சிறை என்றால், கையில் பெயர்களோடும் திகதிகளோடும் உள்ள ஒரு கோப்புறையை என்ன செய்வார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாமார் எங்களை நம்பிக் கதைத்தார்கள். ஒப்புதல் படிவத்தில் "பாதுகாப்பாக வைத்திருப்போம்" என்று எழுதியிருக்கிறோம். அந்த வரிக்குப் பொருள் வேணுமென்றால், அது ரூட்டரின் அமைப்புப் பக்கம் வரைக்கும் போக வேணும்.

ஏன் கோப்புகளை அனுப்பாமல் திரையை அனுப்புகிறோம்

"இவ்வளவு கரைச்சல் எதுக்கு, கூகிள் டிரைவில போட்டிட்டு லிங்கை அனுப்பினால் முடிஞ்சுது" என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி.

கோப்பை அனுப்பினால் அது பெருகும். ஒருவரின் டவுன்லோட் கோப்புறையில் ஒன்று, தம்பியோடு பகிர்ந்து பாவிக்கிற லப்டொப்பில் ஒன்று, தானாகவே ஃபோனில் ஒன்று. ஒரு அம்மா நாளைக்கு "என்ர வாக்குமூலத்தை எடுத்துவிடுங்கோ பிள்ளை" என்று சொன்னால், எங்கெல்லாம் போய் அழிப்பது? தொலைத்திரையில் கோப்பு பேஸ்மென்ரை விட்டு வெளியே வராது. வருவது திரையின் படம் மட்டும். நீங்கள் தட்டுகிற எழுத்து அங்கே போகிறது, எழுதப்படுவது அங்கேதான். அழிக்கச் சொன்னால் அழிக்க முடியும், ஏனென்றால் அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு காரணம் எல்லை. பிரித்தானியாவின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி, விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ ஒருவரை, அவர் மேல் சந்தேகம் எதுவும் இருக்கத் தேவையில்லாமலே, நிறுத்தி 6 மணித்தியாலம் வரை விசாரிக்கலாம். கடவுச்சொல்லைக் கொடுக்க மறுப்பது குற்றம். 2017இல் கேஜ் அமைப்பின் முஹம்மத் ரப்பானி அப்படி மறுத்ததற்காகத்தான் குற்றவாளியாகக் காணப்பட்டார். சித்திரவதைக்குள்ளான ஒருவர் தன்னை நம்பித் தந்த தகவல் தன் கருவிகளில் இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். நாங்கள் அவரோடு நிற்கிறோம். ஆனால் அவரைப் போல ஒரு தெரிவுக்கு எங்கட தோழர் ஒருவரையும் தள்ளாமல் இருப்பதும் எங்கட பொறுப்பு. லப்டொப்பில் ஒன்றும் இல்லை என்றால் கொடுப்பதற்கும் ஒன்றும் இல்லை. பயணத்துக்கு முன் சாவியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்த பிறகு புதிதாகப் போட்டால், இடையில் அந்த லப்டொப் சாதாரண லப்டொப்.

சுரங்கம் எப்படி வேலை செய்யுது

1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ட தத்து யூலொனென் என்ற ஆய்வாளர் எழுதியதுதான் எஸ்எஸ்எச். பிறகு அது வணிக உரிமத்துக்குள் போகப் போக, 1999இல் ஓபின்பிஎஸ்டி தோழமை அதன் சுதந்திர வடிவமான ஓபின்எஸ்எஸ்எச்சைக் கட்டியெழுப்பியது. இன்று உலகத்தின் சேர்வர்களில் பெரும்பகுதி அதில்தான் நிற்கிறது. காசு கட்டத் தேவையில்லை. லினக்ஸிலும் மக்கிலும் ஏற்கெனவே இருக்கு, விண்டோஸ் 10இலிருந்து அதிலும் இருக்கு.

சுரங்கம் என்ற விசயம் விளங்குவது கஷ்டம் இல்லை. ஆவணக் கணினியில் தொலைத்திரைச் சேவை வெளியாருக்குக் காது கொடுக்காது. தன்னோடு மட்டும்தான் கதைக்கும். அதே கணினியில் எஸ்எஸ்எச் நிற்கும். உங்கட லப்டொப் எஸ்எஸ்எச்சோடு மறையாக்கப்பட்ட ஒரு இணைப்பை ஏற்படுத்தி, "என்ர பக்கத்தில் 5901 என்ற எண்ணுக்கு வருவதை எல்லாம் அந்தப் பக்கத்தில் 5900க்குக் கொண்டுபோய்க் கொடு" என்று சொல்லும். பிறகு திரை பார்க்கும் மென்பொருளை உங்கட சொந்தக் கணினியின் 5901க்கு இணைக்கிறீர்கள். அது தன் வீட்டுக்குள்ளேயே கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். நடுவில் கடல் கடந்து ஓடுவதை இணைய நிறுவனமோ, கஃபே வைஃபைக்காரரோ வாசிக்க முடியாது.

கடவுச்சொல்லால் எஸ்எஸ்எச்சைத் திறக்கும் வசதியை அடியோடு நிறுத்திவிட வேணும். ஆளுக்கு ஒரு சாவிச் சோடி. ஒரு பாதி உங்கட லப்டொப்பை விட்டு வெளியே வரவே வராது, அதற்கும் ஒரு கடவுச்சொற்றொடர் பூட்டு. மற்றப் பாதி ஆவணக் கணினியின் பட்டியலில் ஒரு வரி. கைபிடியைத் திருகிப் பார்க்கிறவன் ஆயுள் முழுக்கத் திருகலாம்.

எங்கட பேஸ்மென்ருக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. பல வீட்டு இணைப்புகளுக்குச் சொந்தமாக வெளி முகவரியே இல்லை. நிறுவனம் பல வீடுகளை ஒரு முகவரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு சின்ன வாடகைச் சேர்வரை நடுவில் வைத்து, ஆவணக் கணினியே வெளியே அழைத்து ஒரு தலைகீழ்ச் சுரங்கம் போட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு கவனம் தேவை. தொண்டர் நடுச் சேர்வரில் இறங்கி, அங்கிருந்து திரும்பவும் போவதாக அமைத்தால், அந்தச் சேர்வரை வைத்திருப்பவர் நடுவில் நிற்கலாம். நடுச் சேர்வரின் ஊடாகத் தாவி, மறையாக்கம் பேஸ்மென்ர் வரைக்கும் உடையாமல் போகிற மாதிரி அமைத்தால், நடுவில் இருப்பவருக்குக் குப்பை எழுத்துகள் மட்டும்தான் தெரியும். அமைப்பில் ஒரு வரி வித்தியாசம், ஆனால் யாரை நம்புகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம்.

இதைவிட நேரடியான வழி வயர்கார்ட். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இன் கருவிலேயே சேர்க்கப்பட்டது. சாவி இல்லாதவர் தட்டினால் "பிழை" என்றுகூட அது பதில் சொல்வதில்லை. அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது. தட்டச்சு செய்கிற ஒரு அன்ரிக்கு, ஒரு பொத்தானைத் தட்டி, பிறகு ஒரு ஐகனை இரண்டு தரம் தட்டுவது மட்டும்தான் வேலை. "வயசான ஆக்களுக்கு விளங்காது" என்று சொல்கிற தோழர்கள், அதே அன்ரி ஐந்து நாட்டில் இருக்கிற சொந்தக்காரரை ஒரே வீடியோ அழைப்பில் கூட்டி வைக்கிறதைப் பார்த்ததில்லையோ?

"நான் வீபிஎன் வச்சிருக்கிறன், பிறகென்ன?" என்பது அடுத்த கதை. 2018 மார்ச்சில் திகனக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டத்தின்போதும் இலங்கையில் சமூக ஊடகங்களை மூடியபோது எல்லோரும் இலவச வீபிஎன் இறக்கினார்கள். தடையைத் தாண்ட அது உதவியது. ஆனால் அது உங்கட நம்பிக்கையை இணைய நிறுவனத்திடமிருந்து வீபிஎன் முதலாளியிடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். அதோடு, நீங்கள் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் பேஸ்மென்ரின் கதவு தெருவுக்குத் திறந்தபடியே கிடக்கும்.

நிறுவனங்களின் தொலைத்திரை மென்பொருட்கள் வசதியானவை. இரண்டு நிமிடத்தில் வேலை செய்யும். அவற்றில் சில திரையை முனைக்கு முனை மறையாக்குகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேணும். ஆனாலும் யார், எந்த நாட்டிலிருந்து, எந்த நேரம், எவ்வளவு நேரம் அந்தக் கணினியில் இருந்தார் என்ற பட்டியல் அவர்களிடம் சேர்ந்துகொண்டே இருக்கும். கணக்கை மூடுவதும் திறப்பதும் அவர்களுடைய கையில். வாடகை வீட்டில் ஆவணக்காப்பகம் வைக்கலாம். வீட்டுக்காரர் எங்கட பெயர்ப் பட்டியலையும் சாவியையும் வைத்திருக்கிற வீட்டில் வைக்கலாமா?

சாவியும் உழைப்பும்

இத்தாலியில் 2001இல் உருவான ஔட்டிஸ்டிச்சி/இன்வென்டாட்டி என்ற கூட்டகம் இயக்கங்களுக்கு மின்னஞ்சலும் இணைய இடமும் கொடுத்து வந்தது. நல்ல மறையாக்கம், நல்ல தோழர்கள். 2005இல் அவர்களுக்கு ஒரு விசயம் தெரியவந்தது: ஒரு வருசத்துக்கு முன்பே, சேர்வர் வைக்கப்பட்டிருந்த நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பொலிஸ் வட்டுகளைப் பிரதி எடுத்திருக்கிறது, மறையாக்கச் சாவிகள் உட்பட. அவர்களுக்கு ஒரு சொல் சொல்லப்படவில்லை. சுரங்கம் பழுதில்லை. சாவி கிடந்த இரும்புப் பெட்டிதான் இன்னொருவரின் கட்டிடத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் பல நாடுகளில், பல சேர்வர்களில் பிரித்து வைத்தார்கள்.

அமெரிக்காவின் ரைஸ்அப் கூட்டகம் 2017இல், வாய் திறக்கத் தடைபோட்டு வந்த நீதிமன்ற ஆணைகளுக்குத் தாங்கள் இணங்க வேண்டி வந்தது என்று பகிரங்கமாகச் சொன்னது. அரசியல் வழக்குகள் அல்ல, பணம் பறிக்கும் கும்பல்கள் சம்பந்தப்பட்டவை. ஆனாலும் அதிலிருந்து பாடம் எடுத்து, பாவனையாளரின் கடவுச்சொல் இல்லாமல் தங்களாலேயே வாசிக்க முடியாதபடி மின்னஞ்சல் சேமிப்பை மாற்றினார்கள். "நாங்கள் கொடுக்க மாட்டோம்" என்ற வாக்குறுதியைவிட, "எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை" என்ற அமைப்பு பலமானது.

மூன்றாவது கதைதான் எனக்கு மிக நெருக்கமாகப் பட்டது. 2024 மார்ச் 29ஆம் திகதி, ஆன்ட்ரெஸ் ஃப்ரொய்ண்ட் என்ற பொறியியலாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரைச் செக்கன் பிந்துவதைத் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவு வைக்கப்பட்டிருப்பதை உலகத்துக்குச் சொன்னார். எப்படி வைத்தார்கள்? அந்த மென்பொருளைப் பல வருசமாக ஒரு மனிதர், சம்பளம் இல்லாமல், களைத்துப்போய்ப் பராமரித்துக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று முகம் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள். அதே நேரம் இன்னொருவர் பணிவாக வந்து இரண்டு வருசத்துக்கு மேல் நல்ல வேலை செய்து கொடுத்து, நம்பிக்கையைப் பெற்று, சாவியையும் பெற்றுக்கொண்டார். உடைக்கப்பட்டது கணிதம் இல்லை. தனித்து விடப்பட்ட ஒரு தொழிலாளியின் களைப்பு.

எங்கட ஐ.ரி. அண்ணாவை நினைத்துப் பாருங்கள். பகலில் வேலை, பின்னேரம் பிள்ளைகள், இரவு பத்து மணிக்கு "அண்ணா, லொக்-இன் வேலை செய்யுதில்லை". நன்றி சொன்ன கூட்டம் ஒன்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் போனபோது, ஒப்படைக்க ஒரு பக்கக் குறிப்புக்கூட இருக்கவில்லை, ஏனென்றால் எழுதி வைக்க யாரும் அவரிடம் கேட்கவில்லை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேணும். வாக்குமூலங்களைக் கேட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அந்த அழுகையை மணிக்கணக்காகக் காதில் வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் நிர்வாகச் சாவி இதுவரை ஒரு பெண் தோழரின் கையில் இருந்ததே இல்லை. "அது ரெக்னிக்கல் விசயம்" என்ற வாக்கியம் எங்கட கூட்டகத்தில் ஒரு வேலைப் பிரிவினையை மறைத்துக்கொண்டிருக்கிறது.

சுரங்கம் என்றதும் எங்கட அம்மா அப்பாமாருக்கு முதலில் ஞாபகம் வருவது பங்கர்தான். அதை ஒருவரும் கடையில் வாங்கவில்லை. வீட்டுக்காரரும் அயலும் சேர்ந்து கிண்டினார்கள், பனங்குற்றி அடுக்கினார்கள், மண்மூட்டை தூக்கினார்கள். மழைக்குத் தண்ணி நின்றால் எல்லோரும் சேர்ந்து இறைத்தார்கள். அதன் வாசல் எங்கே என்று வீட்டில் இருந்த கடைசிப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவர் மட்டும் வழி தெரிந்து வைத்திருக்கிற பங்கரால் யாருக்கும் பிரயோசனம் இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை.

சுரங்கம் மூடாதவை

சுரங்கம் வழியைத்தான் காக்கும்; இரண்டு முனையையும் அல்ல. உங்கட லப்டொப்பில் வைரஸ் இருந்தால் அதுவும் உங்களோடு சேர்ந்து திரையைப் பார்க்கும். திரையை ஃபோனால் படம் எடுப்பதை எந்த மறையாக்கமும் தடுக்காது. தொலைத்திரை மென்பொருட்கள் பல, கொப்பி-பேஸ்ட்டையும் உங்கட வட்டுகளையும் இரண்டு பக்கமும் தானாகவே பகிர்ந்து விடும். அதை நிறுத்தாவிட்டால், கோப்பு வெளியே வராது என்று மேலே நான் சொன்னது பொய்யாகிவிடும். ஆவணக் கணினியின் வட்டு மறையாக்கப்படாமல் இருந்தால், ஒரு சாதாரணக் கள்ளன் பேஸ்மென்ர் யன்னலை உடைத்து அதைத் தூக்கிக்கொண்டு போனாலே எல்லாம் போய்விடும்.

முதல் தரம் இணையும்போது எஸ்எஸ்எச் ஒரு நீண்ட கைரேகைக் குறியைக் காட்டி, "இந்தக் கணினியை எனக்குத் தெரியாது, தொடரவா?" என்று கேட்கும். எல்லோரும் வாசிக்காமல் 'யெஸ்' தட்டுகிறோம். நானும் தட்டியிருக்கிறேன். நடுவில் ஒருவர் புகுந்து நிற்க முடிகிற நேரம் அந்த ஒரு செக்கன்தான். பேஸ்மென்ர்த் தோழரைத் தொலைபேசியில் எடுத்து, குரல் அடையாளம் தெரிந்து, அந்தக் குறியை வாசித்துச் சரிபார்க்க மூன்று நிமிடம் போதும். மறையாக்கத்தின் அடியில் கடைசியில் இருப்பது தெரிந்த ஒரு குரல்.

இன்னும் ஒன்று. சுரங்கம் நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்பதை மறைக்கும். நீங்கள் ஒரு சுரங்கம் வைத்திருக்கிறீர்கள் என்பதை மறைக்காது. அதனால் ஊரில் இருக்கிற தோழர்களின் லப்டொப்பில் இதைப் போடச் சொல்லி நாங்கள் இங்கிருந்து உத்தரவு போடக் கூடாது. சோதனைச் சாவடியில் "இது என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். வேணுமா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவெடுக்கட்டும். இங்கே பத்திரமாக இருக்கிற நாங்கள் எங்கட முனையை ஒழுங்காக வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

"அவங்களுக்கு வேணுமெண்டால் எப்பிடியும் எடுப்பாங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு அரசு முழு மூச்சாக எங்கள் மேல் இறங்கினால் இந்தச் சுரங்கம் தாங்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் எங்கட பதிவேட்டில் இருந்தது திறந்த கதவைத் தேடி அலைகிற இயந்திரம் ஒன்று. அதற்கு முன்னால் கதவை மூடாமல் விட்டுவிட்டு, பெரிய அரசின் பெயரைச் சொல்லிச் சும்மா இருப்பது அரசியல் பார்வை ஆகாது. சோம்பலுக்குப் போட்ட நல்ல சட்டை அது.

என்ன செய்வோம்

3389 மூடப்பட்டுவிட்டது. பழைய கடவுச்சொற்கள் மாற்றப்பட்டுவிட்டன. அதன் பிறகு வேலை நின்று போய் இருக்கிறது. சில தோழர்கள் எரிச்சலில் இருக்கிறார்கள், நியாயம்தான். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு இவற்றை முன்வைக்கிறேன்.

1. திரைக்கான வழி வயர்கார்ட் அல்லது எஸ்எஸ்எச் சுரங்கம் மட்டும். ஆளுக்கு ஒரு சாவி, கருவிக்கு ஒரு சாவி. பொதுச் சாவி இல்லை.

2. நிர்வாகச் சாவி மூன்று பேரிடம், இரண்டு நாடுகளில். அதில் குறைந்தது இரண்டு பேர் தட்டச்சுக் குழுவில் இருந்து. ஒவ்வொரு வருசமும் ஒருவர் மாற வேணும், போகிறவர் வருகிறவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வேணும்.

3. யாராவது விலகினால் அன்றைக்கே பட்டியலில் இருந்து அவருடைய வரியை எடுப்போம். அது அவர் மேல் சந்தேகம் இல்லை. நாளைக்கு யாராவது அவரை நெருக்கினால், "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று அவர் உண்மையாகவே சொல்லக்கூடியதாக இருக்க வேணும்.

4. எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைப்போம்: எப்படிப் போட்டோம், உடைந்தால் என்ன செய்வது, மின்சாரம் போய் வந்தால் வட்டைத் திறக்கிறதுக்கு யார் பேஸ்மென்ருக்குப் போவது. அந்தக் குறிப்பைப் பின்பற்றி ஒரு புதிய தோழரால் செய்ய முடியாவிட்டால், குறிப்புத்தான் பிழை.

5. மறையாக்கப்பட்ட இரண்டாவது பிரதி ஒன்று இன்னொரு நகரத்தில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, பிரதி இல்லாத ஏடுகள் திரும்பி வரவே இல்லை.

6. இந்த வேலையைக் கூட்ட அறிக்கையில் வேலையாகப் பதிவோம். கூட்டத்தில் பேசியவரின் பெயரைப் போடுகிற மாதிரி, அந்த மாதம் திருத்தங்களைப் போட்டவரின் பெயரையும் போடுவோம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதும். லப்டொப்பைக் கொண்டு வாருங்கள், வர முடியாதவர்கள் அழைப்பில் சேருங்கள். ஒவ்வொருவரும் தன் சாவியைத் தானே உருவாக்கி, கைரேகைக் குறியைச் சத்தமாக வாசித்து, தன் வரியைத் தானே பட்டியலில் சேர்ப்பதை நான் பார்க்க வேணும். ஐ.ரி. அண்ணாவையும் கூப்பிட்டிருக்கிறேன், வேலை செய்ய இல்லை, தேத்தண்ணி குடிக்க. வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தட்டச்சு செய்ய இன்னும் கனக்கக் குரல்கள் மிச்சம் இருக்கு.

தோழமையுடன்.